சைரன்காரர் வீட்டு வண்டி

எனக்குக் கல்யாணம் பேசியபோது என் அம்மா மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்ன ஒரே சிறப்பு, "பையன் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்பதுதான். அது பொய்யில்லை. இருபத்தாறு வருஷமாகிறது, அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அதிர வேண்டியதை எல்லாம் அவர் மேஜை மேல் இருக்கும் டப்பாக்கள் பார்த்துக்கொள்கின்றன.

வண்டி அலாரத்தின் சைரனைப் பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. நிறுத்தி வைத்த வண்டியில் யாராவது கை வைத்தால் ஊரைக் கூட்டுமே ஒரு கறுப்பு டப்பா, அதுதான். அதற்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. திருடன் விவரமானவனாக இருந்து, வண்டியின் பெரிய பேட்டரி ஒயரை வெட்டிவிட்டாலும், இந்தச் சின்ன பேட்டரியின் தயவில் டப்பா கத்திக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வருஷம் போனால் அந்தப் பேட்டரி கெட்டு உள்ளேயே ஒழுகிவிடும். ஒழுகினால் டப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிடும். திருடன் வந்தால் சும்மா இருக்கும், பூனை குறுக்கே போனால் அலறும். அந்தப் பேட்டரியை மாற்றிக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர். தெருவில் அவருக்குப் பெயர் சைரன்காரர். எனக்குப் பெயர் சைரன்காரர் வீட்டம்மா. நான் சொந்தமாக ஒரு தொழில் செய்கிறேன் என்பதையோ, எனக்கென்று வேறு பெயர் இருக்கிறது என்பதையோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அவர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியனாக இருந்தார். பஸ்ஸைப் பின்னோக்கி எடுக்கும்போது கத்துமே, அந்த ஹாரன் பிரிவில் பதினோரு வருஷம். பிறகு வண்டிகளுக்கு அலாரம் பொருத்தும் ஒரு கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. கம்பெனி நான்கு வருஷத்தில் மூடிப் போனது. ஆனால் அவர்கள் பொருத்திய டப்பாக்கள் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் புத்தி பேதலிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் இவரைத் தேடி வந்தார்கள். வீட்டுக்குக் கீழே இருந்த அறைக்கு ஷட்டர் போட்டுக் கடையாக்கினார். மாடியில் என் சலவைக் கூடம். மூன்று பெரிய மெஷின், இஸ்திரி மேஜை, மொட்டை மாடியில் கொடிக்கயிறு.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், "ஒயர வெட்டி விட்டுடுங்க சார், சத்தம் நின்னா போதும்" என்பார்கள். இவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பூவுக்கு வலிக்குமோ என்பது போல, "சத்தத்த நிறுத்தணும்னா நான் எதுக்கு? ஒரு கத்திரிக்கோல் போதுமே" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. பேட்டரி மாற்றினால்தான் வண்டியை விடுவார்.

இந்தத் தொழில் அவருடைய இடது காதைச் சாப்பிட்டுவிட்டது. வலது காது ஏதோ பரவாயில்லை. சாப்பிடும்போது முக்கியமான விஷயம் பேச வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்காருவேன். சும்மா புலம்பினால் போதும் என்று தோன்றுகிற நாட்களில் இடப்பக்கம்.

பேட்டரி மாற்றிய பிறகு சைரனைச் சோதிக்க வேண்டும். அதுவும் பெரிய பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிட்டு, சின்னதின் பலத்தில் மட்டும் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். தெருவில் யாரும் பயந்துவிடக் கூடாதே என்று அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கடை வாசலில் ஒரு இரும்புக் கம்பம். சோதனைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அதில் ஒரு சிவப்புத் துணியை ஏற்றுவார். முடிந்ததும் இறக்குவார். முதல் வருஷம் தெரு சண்டைக்கு வந்தது. இரண்டாவது வருஷம் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, தயவுசெய்து வண்டிகளை வேறு எங்காவது கொண்டுபோய்ச் சோதிக்கவும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இவர் அதை மரியாதையாக வாங்கி, "பாக்கறேன்" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு தெரு பழகிவிட்டது. துணி ஏறினால் எதிர்க்கடை முடிதிருத்துபவர் சவரக் கத்தியை வாடிக்கையாளர் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்துவார். தையல்காரர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு மெஷினை மிதிப்பார். அரை நிமிஷம் சைரன் அலறும். நின்றதும் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். யாரும் தலையை நிமிர்த்திக்கூடப் பார்ப்பதில்லை.

எனக்கு மட்டும் பழகவே இல்லை. வெட்கமாக இருக்கும். என் வேலை எல்லாம் ஆஸ்பத்திரியோடு. படுக்கை விரிப்பு, அறுவைக் கூடத்துப் பச்சைத் துணி, எல்லாம் வெளுத்துத் தேய்த்து என் வேனில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போய்க் கொடுப்பேன். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரு தடவை, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார். "எலக்ட்ரிக்கல்" என்றேன். சைரன் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அமைதி காக்கவும் என்று பத்து இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வேன் வருவதற்கு முன் ஒன்பது வருஷம் மூட்டையை சைக்கிளில் கட்டித் தள்ளியிருக்கிறேன். வலது தோள் இன்னும் மழைக்கு முன்னால் வலிக்கும். வேன் இருந்தால் ஆஸ்பத்திரி வேலை உண்டு. வேன் இல்லாவிட்டால் நான் மறுபடி இன்னொருவர் கூடத்தில் இஸ்திரிப் பெட்டி பிடிக்கப் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த வேனிலும் ஒரு சைரன் இருந்தது. சைரன்காரர் வீட்டு வண்டியில் இல்லாமலா? அது கெட்டுப் போய் ஐந்து மாதமாகியிருந்தது. நினைத்தபோது முனகும். அலாரம் குழம்பிவிட்டால் எஞ்சின் எடுக்காது. அதனால் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனேன். இரண்டாவது தடவை ஸ்டோர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு மணிக்கு முன்னாடி துணி வந்தாகணும். இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்மா" என்றார். கோபமில்லாமல் சொன்னதால் அது உண்மை என்று தெரிந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் பாக்கறீங்க. என் வண்டிய எப்ப பாப்பீங்க?"

"வரிசைல இருக்கு" என்றார்.

"பொண்டாட்டிக்கு என்னங்க வரிசை? ஒண்ணும் மாத்த வேணாம், கழட்டித் தூக்கிப் போடுங்க. அதுக்குள்ள இருக்கறது துணிதானே, தங்கமா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கழட்ட மாட்டேன். நாளைக்கு மாத்திடறேன்" என்றார்.

சொன்னபடி மறுநாள் உட்கார்ந்தார். அந்த டப்பா முன்விளக்குக்குப் பின்னால், சக்கரத்தின் மேல் வளைவில் இருக்கிறது. விளக்கை முழுசாகக் கழற்றாமல் கை எட்டாது. அதன் பக்கவாட்டில் குட்டி வட்டச் சாவி போடும் ஓட்டை ஒன்று உண்டு. சாவி போட்டுத் திருப்பாமல் ஒயரைப் பிடுங்கினால் கையிலேயே கத்தத் தொடங்கும். பிறகு சாவி போட்டாலொழிய நிற்காது. திருப்பி, பிடுங்கி, மேஜைக்குக் கொண்டுவந்தார். பசை போட்டு ஒட்டிய டப்பா, திருகாணி கிடையாது. ரம்பத்தால் விளிம்பைச் சுற்றி அறுத்துப் பிளந்தார். உள்ளே ஆறு குட்டி பேட்டரிகள் ஒரே கட்டாக, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போய்க் கிடந்தன. ஒழுகிய இடத்தை வினிகர் தொட்டு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். அந்தப் பிரஷ் பழையது என்று முடிவு செய்தது அவர். அது என்னுடையது, வாங்கிப் பத்து நாள்.

புதுப் பேட்டரிக் கட்டை ஈயம் உருக்கி ஒட்டினார். பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றேன். "உள்ள இடம் இருந்துச்சு" என்றார். பிறகு டப்பாவைப் பசை போட்டு மூடி, பிடிப்புக்கு என் கொடிக்கயிற்றுக் கிளிப்புகளில் பதினான்கைச் சுற்றி மாட்டினார். அன்று நான் விரிப்புகளைக் காற்றில் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை டப்பாவை வண்டியில் பொருத்தி, கம்பத்தில் சிவப்புத் துணியை ஏற்றி, சோதித்து, துணியை இறக்கினார். சைரன் கேட்டு என் பல்லெல்லாம் கூசியது. "நல்லா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளர் வண்டியைப் பார்க்க நான்கு தெரு தள்ளி நடந்தே போனார். நான் ஆஸ்பத்திரித் துணிகளை வேனில் ஏற்றி வைத்தேன். தொண்ணூற்றிரண்டு உருப்படி. பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் போதும்.

இனி வருவது என் கைங்கரியம். மறைக்காமல் சொல்கிறேன்.

அவர் இறக்கிய துணி கடை வாசல் ஸ்டூலில் கிடந்தது. அதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. கிரீஸ், புகை, காக்கை எச்சம், எல்லாம் சேர்ந்து அதைச் சிவப்பு என்று சொல்வதே ஒரு பழக்கதோஷமாகியிருந்தது. ஊர் அழுக்கை எல்லாம் வெளுக்கிறவள் வீட்டு வாசலில் இப்படி ஒரு துணியா? மேலே எடுத்துப் போய், மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். உலர்த்தக் கொடிக்கயிற்றில் இடமில்லை. வாசலில் நல்ல வெயில். அந்தக் கம்பமும் சும்மாதான் நின்றது. அதிலேயே கட்டிவிட்டு மேலே போய் மெஷினைப் போட்டேன்.

பதினொன்றே கால் இருக்கும். சைரன் அலறியது. நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். "காலையிலதானே இந்த மனுசன் கத்த விட்டாரு, மறுபடியுமா" என்று வைதுகொண்டே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

கீழே நடந்ததைப் பிறகு தெருவே எனக்குச் சொன்னது, பெருமையாக வேறு. நீல உடுப்புப் போட்ட இரண்டு பேர், முதுகு தட்டையான ஒரு இழுவை லாரியில் வந்தார்கள். என் வேனின் கதவை நெம்பினார்கள். சைரன் கத்தியது. பானெட்டைத் திறந்து பெரிய பேட்டரியின் ஒயரை வெட்டினார்கள். சைரன் நிற்கவில்லை. அவர்கள் கொஞ்சம் திகைத்து, சுற்றும் முற்றும் பார்த்தார்களாம். கம்பத்தில் செக்கச்செவேலென்று துணி பறந்தது. முடிதிருத்துபவர் கைகட்டி நின்றார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றவில்லை. ஒருவரும் ஓடி வரவில்லை. திருடர்களுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு தெரு வாய்த்திருக்காது.

அதோடு விட்டார்களா? கடைசியில் நம் மனுப்படி சோதனையை வேறு இடத்துக்கு மாற்றுகிறார் என்று தெருவுக்கு ஒரே சந்தோஷம். லாரியின் சங்கிலி இழுக்க, பின்னாலிருந்து தெருக்காரர்களும் வேனைத் தள்ளி ஏற்றினார்கள். தையல்காரர் அந்த இருவருக்கும் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்திருக்கிறார். டீக்கடைக்காரர், "பாத்து தம்பி, அந்தக்கா வண்டி. கீறல் விழுந்துச்சு, தொலைச்சுடுவாங்க" என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் நடந்து திரும்பினார். கம்பத்தைப் பார்த்தார். வேன் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"துணி ஏறியிருக்கே, யாரு டெஸ்ட் பண்றது?" என்று கேட்டார்.

"நீங்கதானே அண்ணே, பதினொன்னே காலுக்கே ஆரம்பிச்சுடுச்சே" என்றார் முடிதிருத்துபவர். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

நான் இறங்கி வந்தபோது இவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஏறு" என்றார். விஷயம் கேட்டதும் மாடிக் கதவைச் சாத்தக்கூடப் போகவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்தேன்.

"எந்தப் பக்கம்னு போவீங்க? போலீஸுக்குப் போங்க."

"போலீஸுக்கு அப்புறம் போவோம். கத்திக்கிட்டே போயிருக்கும். கேட்டுக்கிட்டே போவோம்."

பெரிய தெரு திருப்பத்தில் ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, "சார், இந்தப் பக்கம் சைரன் அடிச்சிக்கிட்டு ஒரு வேன்…" என்று இவர் ஆரம்பித்ததுதான் தாமதம். "உங்க வண்டியா அது? ஒரு மணி நேரம் தாலாட்டித் தூங்க வச்ச புள்ளைங்க! அறிவிருக்கா?" இவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கித் தலை குனிந்து, "மன்னிச்சுக்குங்க சார், தப்பு எங்களோடதுதான். எந்தப் பக்கமா போச்சு?" என்றார். அவர் திட்டிக்கொண்டே வலப்பக்கம் கை காட்டினார்.

அடுத்தது பள்ளிக்கூடம். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, யார் கிடைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்தோம். அங்கேயும் இறங்கி, குனிந்து, மன்னிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

"மணி பதினொன்னே முக்காலாகப் போகுது. ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கீங்களே!"

"கேட்டாத்தான் வழி சொல்றாங்க" என்றார்.

அது உண்மைதான். கண்ணுக்குத் தெரிந்து போன வண்டியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? காதுக்குள் புகுந்து போன வண்டியை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். மருந்துக்கடை, ஆஸ்பத்திரிப் பின்சந்து, விளக்குமாறோடு வாசலில் நின்ற ஒரு அம்மா என்று ஒரே வசவு. ஒவ்வொரு வசவும் அடுத்த திருப்பத்தில் கொண்டுபோய் விட்டது. முச்சந்தி ஒன்றில் இடப்பக்கத்து ஆட்கள் சாந்தமாக இருந்தார்கள். வலப்பக்கத்து ஆட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் போனோம்.

மரவாடிகள் இருக்கும் ரோட்டுக்கு வந்தபோது ஆளே இல்லை. கேட்க நாதியில்லை. எனக்கு அழுகை முட்டியது. அவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தார். வலது காது முன்னால். எனக்கு ரம்பச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"அங்க" என்றார்.

அடுக்களையிலிருந்து நான் நான்கு தடவை கூப்பிட்டால் கேட்காத காது அது. எனக்கு அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது.

கடைசி மரவாடியின் மதிலோரம் வேன் நின்றது. அதைத் தாண்டினால் சந்திப்பு, அங்கே போக்குவரத்துப் போலீஸ் நிற்பார். அலறுகிற வண்டியை முதுகில் வைத்துக்கொண்டு அவரைக் கடக்க முடியாது. வாயை அடைக்கவும் முடியவில்லை. முன்விளக்கை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள், கை எட்டவில்லை. இறக்கித் தள்ளிவிட்டு ஓடிவிட்டார்கள். சைரன் தொண்டை கட்டிப்போய், ஆனாலும் விடாமல், ஈனஸ்வரத்தில் கத்திக்கொண்டிருந்தது.

நான் பின்கதவுக்கு ஓடினேன். தொண்ணூற்றிரண்டும் அடுக்கு கலையாமல் இருந்தன. அவர் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து வட்டச் சாவியை எடுத்தவர், அதைப் போடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல அத நிறுத்துங்க!"

உடைந்த விளக்கின் மிச்சத்தையும் கழற்றிவிட்டு, கையை விட்டுத் திருப்பினார். நின்றது. "நாப்பத்தி நாலு நிமிஷம்" என்றார். "கம்பெனி போட்டது பதினெட்டுதான் தாங்கும்."

நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். வண்டி கிடைத்ததற்கு அழுதேனா, அதைக் கழட்டித் தூக்கிப் போடச் சொன்னதற்கு அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "அந்தத் துணிய நான்தான் துவைச்சுக் காயப் போட்டேன்" என்றேன். இடப்பக்கத்திலிருந்து சொல்லிவிட்டேனோ என்று எழுந்து வலப்பக்கம் வந்து மறுபடி சொன்னேன்.

"முதல்லயே கேட்டுச்சு" என்றார். வெட்டிய ஒயரை முறுக்கிச் சேர்த்துக்கொண்டே, "துவைச்சப்புறம் நல்ல சிவப்பா இருக்கு. தெருக்கோடிலேந்து தெரிஞ்சுது" என்றார். அதில் குத்தல் இருக்கிறதா என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நான் வேனை நிறுத்தியபோது பன்னிரண்டு ஐம்பத்தாறு. ஸ்டோர் அம்மா உருப்படிகளை எண்ணினார். தொண்ணூற்றிரண்டு சரியாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது, "காலையில என்னமோ ஒரு வண்டி பின்சந்துல சைரன் போட்டுக்கிட்டே போச்சும்மா. மூணாவது வார்டுல எல்லாரும் எந்திரிச்சு உட்கார்ந்துட்டாங்க. கொஞ்சமாவது இங்கிதம் வேணாம்?" என்றார்.

வழக்கமாக நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். ஆமாம்மா, காலம் கெட்டுப் போச்சு என்பேன். ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். அவர் வெளியே, உடைந்த முன்விளக்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. அது என் வண்டிதான்" என்றேன். தலையும் தானாகக் குனிந்தது. "சைரன் எங்க வீட்டுக்காரர் போட்டது. அவர் சைரன்காரர்."

ஸ்டோர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். போன தடவை அது கழன்றபோது வந்தது எச்சரிக்கை. "ஏம்மா, எங்க மருமகன் கார்ல ஒண்ணு இப்படித்தான் சும்மா சும்மா கத்துது. பாப்பாரா?" என்றார்.

"பாப்பாரு. ஆனா வரிசைல வரணும்" என்றேன்.

அந்தத் துணி இப்போதும் கம்பத்தில் ஏறுகிறது, இறங்குகிறது. ஏற்றினால் இப்போதெல்லாம் தெருவே வெளியே வந்து, கடைக்குள் அவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் காதைப் பொத்துகிறது. துணியில் மறுபடி கிரீஸ் ஏறிவிட்டது, போன மாதம் காக்கையும் தன் பங்கைச் செய்துவிட்டது. வாசலில் போகும்போதும் வரும்போதும் எனக்குக் கை அரிக்கிறது. நான் தொடுவதில்லை.